நிற்காமல் ஓடிய நாயகர்கள்

2006 ஜூலையில் அமெரிக்காவின் சை-ஃபை சேனலில் ஒரு ரியாலிட்டி ஷோ தொடங்கியது. பெயர் ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ சூப்பர் ஹீரோ?’ போட்டிக்கு வருகிறவர் தானே ஒரு சூப்பர் ஹீரோவைக் கற்பனை செய்து, பெயர் வைத்து, உடையும் மாட்டிக்கொண்டு வர வேண்டும். ஃபீட்பேக், ஃபேட் மாமா, மேஜர் விக்டரி, மங்கி உமன், செல்ஃபோன் கேர்ள் என்று ஒரு கூட்டமே வந்தது. நடுவர் ஸ்டான் லீ. ஸ்பைடர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அப்போது அவருக்கு 83 வயது. ஜெயிப்பவருடைய ஹீரோவை வைத்து அவர் ஒரு காமிக்ஸ் எழுதுவார்; சேனலின் படம் ஒன்றிலும் அந்த ஹீரோ தலைகாட்டலாம். பரிசு அவ்வளவுதான்.

ஆரம்பத்திலேயே ஒரு சோதனை வைத்தார்கள். பொது இடத்தில் யார் கண்ணிலும் படாமல் உடை மாற்றிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு ஓடி வர வேண்டும். டெலிபோன் பூத்துக்குள் புகுந்து சூப்பர்மேனாக வெளியே வருவாரே கிளார்க் கென்ட், அதே வேலை. ஓடுகிற வழியில் ஒரு சிறுமி, அம்மாவைக் காணோம் என்று அழுதுகொண்டு நின்றாள். சிலர் நின்று விசாரித்தார்கள். மற்றவர்கள் அவளைத் தாண்டி ஓடினார்கள். ஓட்டமெல்லாம் முடிந்த பிறகு ஸ்டான் லீ விஷயத்தை உடைத்தார்: வேகத்தை யாரும் பார்க்கவில்லை, பரீட்சையே அந்தச் சிறுமிதான். அவளை அங்கே நிறுத்தி வைத்ததும் நிகழ்ச்சிக்காரர்களே.

ஒருவருடைய குணம் யாரும் கவனிக்காத நேரத்தில்தான் தெரியும் என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. நம்பிக்கை புதிதல்ல. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கிளாக்கன் ஒரு மேய்ப்பனின் கதையைச் சொல்கிறான். மேய்ப்பன் கையில் ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். பிறகென்ன, ராணியைக் கைக்குள் போட்டுக்கொண்டு, ராஜாவைக் கொன்று, நாட்டையே பிடித்துவிடுகிறான். நல்லவன் கெட்டவன் இருவரிடமும் இப்படி ஒரு மோதிரத்தைக் கொடுத்தால் இருவரும் ஒரே வழியில்தான் போவார்கள் என்பது கிளாக்கனின் வாதம்.

ஆனால் டிவி மைதானத்தில் ஓடியவர்களிடம் அந்த மோதிரம் இல்லை. கேமரா தங்களைத் துரத்துவது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எது கேள்வி என்பதுதான் தெரியாது. தேசமே பார்க்கப் போகிறது என்று தெரிந்தும் அழுகிற குழந்தையைத் தாண்டி ஓடியிருக்கிறார்கள் என்றால், அதை வெறும் போலித்தனம் என்று ஒதுக்கிவிட முடியுமா? போலிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்!

இதே நாடகம் 1970ல் ஒரு முறை அரங்கேறியிருக்கிறது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சின்னதாக ஓர் உரை ஆற்ற வேண்டும். ஒரு பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய இயேசுவின் உவமை. போகிற சந்தில் ஒரு ஆள் சுருண்டு கிடந்து இருமி, முனகிக்கொண்டிருந்தான். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். மனதில் இருந்த தலைப்பு சமாரியனா வேறொன்றா என்பதால் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போன சிலர், கிடந்தவனைத் தாண்டிக் கால் வைத்தே போயிருக்கிறார்கள்.

சூப்பர் ஹீரோக்களுக்கு நேர்ந்ததும் இதுதான் என்று தோன்றுகிறது. அவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேடம் போட்டிருந்தார்கள். மேலே ஹீரோ, உள்ளே போட்டியாளர். ஓட்டம் என்று சொன்னவுடன் போட்டியாளர் முந்திக்கொண்டார். வேடம் போட்டதால் அவர்கள் தோற்றார்கள் என்பதைவிட, போட்ட வேடத்தை நடுவழியில் விட்டதால் தோற்றார்கள் என்பதே பொருத்தம். தன் ஹீரோவாக நடிப்பதில் முழுதாக மூழ்கியிருந்த ஒருவர் அந்தச் சிறுமியிடம் நின்றிருப்பார்.

இம்மானுவேல் காண்ட் இதை ஒப்புக்கொள்வாரா என்பது சுவாரசியமான கேள்வி. 1785ல் எழுதிய நூலில் அவர் கறாரானவர். சின்னப் பையனிடம்கூடக் கூடுதல் விலை வாங்காத கடைக்காரர், வியாபாரம் கெட்டுவிடுமே என்பதற்காக அப்படி நடந்தால் அதற்கு அறத்தின் மதிப்பு கிடையாது என்கிறார். பரிசுக்காகக் குழந்தையைத் தூக்கினாலும் அதே தீர்ப்புதான். ஆனால் 1798ல், வயதான காண்ட், மானுடவியல் பற்றிய நூலில் வேறு சுருதியில் பேசுகிறார். மனிதர்கள் நாகரிகமாகிறபோது நடிகர்களும் ஆகிறார்கள். நற்குணங்களை நடித்துக் காட்டுகிறார்கள். அதில் தவறில்லை, நாளடைவில் நடிப்பு உள்ளே இறங்கி நிஜமாகிவிடும் என்பது அவர் கருத்து. கடைக்காரரிடம் காட்டாத தாட்சண்யம்!

பிந்தைய காண்ட்டுக்குச் சாட்சி சொல்லக் குழந்தைகள் இருக்கிறார்கள். 2017ல் வெளியான ஓர் ஆய்வில் 4 வயது, 6 வயதுப் பிள்ளைகள் 180 பேரிடம் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்திலேயே விளையாட ஒரு ஐபேடையும் வைத்தார்கள். ‘நான் நன்றாக வேலை செய்கிறேனா?’ என்று கேட்டுக்கொண்ட பிள்ளைகளைவிட, ‘பேட்மேன் நன்றாக வேலை செய்கிறாரா?’ என்று கேட்டுக்கொண்டு பேட்மேன் போன்ற பாத்திரமாக நடித்த பிள்ளைகள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். சை-ஃபை நிகழ்ச்சியிலும் இதற்கு ஒரு காட்சி உண்டு. பயிற்சி பெற்ற காவல் நாய்கள் இருக்கும் முற்றத்தைத் தாண்டிக் கதவை அடைய வேண்டும். தடித்த பாதுகாப்பு உடை உண்டு. முடியாது என்று கத்தினால் நிறுத்திவிடுவார்கள். நாய்கள் கவ்வி இழுக்க இழுக்க, மங்கி உமன் தரையோடு தரையாக நகர்ந்து நகர்ந்தே போய்ச் சேர்ந்தார்.

சங்கடமான இடம் வேறொன்று. சோதிப்பவரின் நேர்மை என்ன? போட்டியாளர்களுக்கு நடுவே ரோட்டியார்ட் என்று ஒருவரை உளவுக்கு உட்கார வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் துரோகி என்ற சொல்லைத் திருப்பி எழுதிய பெயர், யாரும் கவனிக்கவில்லை. நேர்மையைச் சோதிக்கப் பொய்தான் கருவி. ஸ்டான் லீயோ பெரும்பாலும் திரையில் தோன்றி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் கடவுள் ஸ்தானத்தில் இருந்தார். தமிழ் வாசகருக்குப் பெரியபுராணம் நினைவுக்கு வராமல் போகாது. இயற்பகையாரிடமும் சிறுத்தொண்டரிடமும் வந்த சிவனும் வேடதாரிதான், கேட்டதும் கொடூரமானதுதான். ஆனால் அங்கே சோதனை முடிந்ததும் வேடம் கலைகிறது. சிறுத்தொண்டர் அறுத்த மகன் சீராளன் ஓடி வருகிறான். இங்கே தோற்றவர், ஆசை ஆசையாக உருவாக்கிய உடையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்கும்படி எடுத்திருந்தார்கள். சிரிப்பு வரவில்லை.

முதல் சீசனில் ஃபீட்பேக் ஜெயித்தார். ஸ்டான் லீ பெயரில் காமிக்ஸ் வந்தது. ‘மெகா ஸ்நேக்’ படத்திலும் முகம் காட்டினார். இரண்டாம் சீசனில் ஜெயித்த டிஃப்யூசர், அப்போது டெக்சாஸில் நிஜமாகவே போலீஸ்காரராக இருந்தார்.

ஓடியவர்கள் கண்ணில் சிறுமி ஏன் படவில்லை என்பதற்கு, 2025ல் வெளியான ஒரு இத்தாலிய ஆய்வு எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் காட்டுகிறது. மிலன் மெட்ரோ ரயிலில் கர்ப்பிணிபோல் வேடமிட்ட ஒரு பெண் ஏறுவார். அப்போது 38 சதவீதம் முறை யாராவது எழுந்து இடம் கொடுத்தார்கள். அதே பெண் ஏறும்போது இன்னொரு கதவு வழியாகப் பேட்மேன் உடையில் ஒருவரும் ஏறினால், அது 67 சதவீதமாக உயர்ந்தது. பேட்மேன் எதுவும் செய்யவில்லை, சும்மா நின்றார். எதிர்பாராத ஒன்று நடந்ததும் பயணிகள் தங்கள் யோசனையிலிருந்து விடுபட்டுச் சுற்றிலும் கவனித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எழுந்து இடம் கொடுத்தவர்களைப் பிறகு விசாரித்தபோது, 44 சதவீதம் பேர் பேட்மேனா, நாங்கள் பார்க்கவே இல்லையே என்றார்கள்.