தாத்தாவின் தேசம்

பெயர் இத்தாலியப் பெயர்; பிறந்த மண் இங்கிலாந்து; சர்வதேசப் பந்தயங்களில் அணிந்து ஆடியதோ அயர்லாந்தின் பச்சைச் சட்டை. டோனி காஸ்கரினோ என்ற கால்பந்தாட்டக்காரரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால் இவ்வளவுதான். விரித்துச் சொல்லப் புகுந்தால், நியாய அநியாயம் பற்றிய சிக்கலான ஒரு வழக்கில் போய் மாட்டிக்கொள்ள நேரும். அதில் மாட்டிக்கொள்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காஸ்கரினோ 1962-ல், லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில் பிறந்தவர். நல்ல உயரம். உயர்ந்து வரும் பந்தை, சுற்றியிருக்கும் கூட்டத்துக்கு மேலே எழும்பித் தலையால் முட்டி வலைக்குள் தள்ளுவதுதான் அவருக்குச் சோறு போட்ட வித்தை. கிராக்கன்ஹில் என்ற சிற்றூர்க் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவரை ஜில்லிங்ஹாம் என்ற தொழில்முறைக் கிளப் எடுத்துக்கொண்டபோது, விலையாகப் பணம் கைமாறவில்லை. ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு அணியும் உடுப்புகள் சிலவற்றைக் கொடுத்தார்கள் என்பது பிரசித்தமான கதை. அதே மனிதரை 1990-ல் ஆஸ்டன் வில்லா கிளப் 15 லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. மனிதனுக்கு விலை போடும் சந்தையின் போக்கு நமக்கு எந்த நாளில் புரிந்திருக்கிறது?

நிற்க. இங்கிலாந்தில் பிறந்தவர் அயர்லாந்துக்கு ஆடியது எப்படி?

அயர்லாந்து தன் மக்களை வெளியே அனுப்பியே பழகிய நாடு. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினார்கள். அதன் பிறகும் தலைமுறை தலைமுறையாக, இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போவது நிற்கவில்லை. பிள்ளைகளைப் பிரிந்த தாய்க்குப் பேரப்பிள்ளைகள்மேல் ஆசை அதிகம் அல்லவா? அந்த நாட்டுச் சட்டமும் அப்படித்தான் அமைந்தது. பாட்டனோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால், வேறு நாட்டில் பிறந்த பேரனும் பதிவு செய்துகொண்டு குடிமகன் ஆகலாம். காஸ்கரினோவின் தாயைப் பெற்றவர் அயர்லாந்தின் மேற்குக் கோடியில் உள்ள மேயோ மாவட்டத்துக்காரர். போதாதா? 1985 செப்டம்பரில், ஸ்விட்சர்லாந்துக்கு எதிராகப் பேரன் பச்சைச் சட்டையுடன் மைதானத்தில் இறங்கினார்.

அடுத்த ஆண்டு அந்த அணிக்கு மேலாளராக வந்தவர் ஜாக் சார்ல்டன். 1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் ஆடிய சுத்தமான ஆங்கிலேயர்! பாட்டன் சட்டத்தின் அருமையை அவரைப் போல் அறிந்தவர் இல்லை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சல்லடை போட்டு ஐரிஷ் பேரன்களைத் தேடிப் பிடித்தார். கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் 1990 ஜூன் 25-ஆம் தேதி, இத்தாலியின் ஜெனோவா நகரில் அந்தக் கேலி வாயடைத்துப் போயிற்று.

உலகக் கோப்பையின் இரண்டாவது சுற்று. எதிரே ருமேனியா. இரண்டு மணி நேரம் ஆடியும் கோல் விழவில்லை. பெனால்டி உதைகளால் வெற்றியைத் தீர்மானிக்க வேண்டிய நிலை. அயர்லாந்துக்காக உதைத்தவர்கள் ஐந்து பேர்: ஷீடி, ஹூட்டன், டவுன்சென்ட், காஸ்கரினோ, ஓ லியரி. முதல்வர் பிறந்தது வேல்ஸில். அடுத்தவர் கிளாஸ்கோவில். டவுன்சென்டும் காஸ்கரினோவும் கென்ட் மாவட்டத்தில். கடைசி உதையால் வெற்றியைத் தேடித் தந்த ஓ லியரி டப்ளினில் வளர்ந்தவர்தான். ஆனால் பிறந்தது லண்டன். ஐவரில் ஒருவர்கூட அயர்லாந்து மண்ணில் பிறந்தவர் அல்லர். எதிரியின் உதையைத் தடுத்த கோல் காவலர் பானர் மட்டும் டானகால் மாவட்டத்து ஆசாமி.

நான்காவதாக வந்த காஸ்கரினோவின் உதை அழகான உதை அன்று. பந்தோடு தரையையும் சேர்த்து உதைத்துவிட்டார். என்றாலும் பந்து எப்படியோ காவலரைத் தப்பி வலைக்குள் நழுவியது. அயர்லாந்து முழுவதும் அன்றிரவு தெருவில் இறங்கிக் கூத்தாடியது. உதைத்தவர்களின் பிறப்புச் சான்றிதழை யார் கேட்டார்கள்?

இனித்தான் வழக்கு ஆரம்பமாகிறது.

1996-ல் காஸ்கரினோவின் தாய் அவரிடம் ஓர் உண்மையைச் சொன்னார். மேயோ மாவட்டத்துத் தாத்தா, தம்மைப் பெற்றவர் அல்லர்; தத்தெடுத்து வளர்த்தவர். அதாவது, பேரனின் உடம்பில் ஒரு சொட்டு ஐரிஷ் ரத்தமும் இல்லை. அதே 1996-ல்தான் அயர்லாந்து அரசு, நன்றிக்கு அடையாளமாக, ஆங்கிலேயரான ஜாக் சார்ல்டனுக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. இதை நான் ஒரு கதையில் எழுதியிருந்தால், ‘ஆசிரியர் சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடு’ என்று வாசகர்கள் கடிதம் எழுதியிருப்பார்கள்.

காஸ்கரினோ என்ன செய்தார்? ஒன்றும் சொல்லவில்லை. தொடர்ந்து ஆடினார். பிரான்ஸில் மார்செயில் கிளப்புக்கும் பின்னர் நான்சி கிளப்புக்கும் கோல்களாகப் போட்டுக்கொண்டே, அழைப்பு வந்தபோதெல்லாம் பச்சைச் சட்டையையும் மாட்டிக்கொண்டார். 1999 நவம்பரில், தம் 37-ஆவது வயதில், துருக்கிக்கு எதிராகக் கடைசிப் பந்தயம். கணக்குப் பார்த்தால் 88 பந்தயங்கள், 19 கோல்கள். 88 என்பது அந்நாளில் அயர்லாந்துக்கு எவரும் எட்டாத எண்ணிக்கை. மறு வருஷம் வெளிவந்த சுயசரிதையில்தான் விஷயத்தை உடைத்தார். தம்மை ஒரு போலி என்றே அதில் குறிப்பிட்டுக்கொண்டார்.

பிறகு சட்டம் அறிந்தவர்கள் ஏடுகளைப் புரட்டினார்கள். சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட குழந்தைக்கும் பெற்ற குழந்தைக்கும் குடியுரிமை விஷயத்தில் பேதம் இல்லை. தாய்க்கு உரிமை உண்டு. ஆகவே மகனுக்கும் உண்டு. அவர் அயர்லாந்துக்கு ஆடியதில் குற்றமே இல்லை என்று முடிவாயிற்று.

இதோடு கதை சுபமாக முடிந்தது என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காஸ்கரினோ செய்த காரியம் நியாயமானது என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் செய்துகொண்டிருந்தபோது, அது அநியாயம் என்று நம்பிக்கொண்டே அல்லவா செய்தார்? தவறு என்று மனத்தார நம்பி ஒருவன் ஒரு காரியத்தைச் செய்கிறான். அது தவறே அல்ல என்று பிற்பாடு தெரிகிறது. அவன் குற்றவாளியா, நிரபராதியா?

ஐரோப்பிய வேதாந்திகளுக்கு இது புதிய கேள்வி அன்று. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ், மனச்சாட்சி பிசகாக இருந்தாலும் அது மனிதனைக் கட்டுப்படுத்தும் என்றார். தன் அறிவுக்குத் தீமை என்று தோன்றியதைச் செய்கிறவன், அது உண்மையில் தீமையோ அல்லவோ, தீமையை விரும்பியவனே ஆகிறான் என்பது அவர் வாதம். கடுமையான தீர்ப்புத்தான். ஆனாலும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. நம் பெட்டியில் இருப்பது திருட்டு நகை என்று நினைத்து மூன்று வருஷம் ஒளித்து வைக்கிறோம். கடைசியில் அது நம் பாட்டி நமக்கென்று வைத்துப்போன நகை என்று தெரிகிறது. போலீஸ்காரருக்கு இனி நம்மிடம் வேலையில்லை. அந்த மூன்று வருஷம் கதவு தட்டும் ஓசை கேட்டு நடுங்கிய நெஞ்சுக்கு யார் பதில் சொல்வது?

‘1996-லேயே சொல்லிவிட்டு விலகியிருக்கலாமே’ என்று சுலபமாகக் கேட்கலாம். கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ரகசியம் அவருக்கு மட்டும் சொந்தமானது அன்று, தாயினுடையது. தம் பிறப்பைப் பற்றி ஒரு பெண்மணி அத்தனை வருஷம் மனத்துக்குள் பூட்டி வைத்திருந்ததை, பந்தாட்டத்துக்காகப் பத்திரிகையில் போடுவதற்கு மகனுக்கு உரிமை உண்டா? மனச்சாட்சியின் சுத்தத்துக்காக நாம் வெளியிடும் உண்மைகளில் பாதி, வேறு யாருடைய வீட்டிலிருந்தோ எடுத்து வந்த சாமான்கள். நாலு வருஷ மௌனத்தில் பயம் கொஞ்சம் கலந்திருக்கலாம். புகழை இழக்க மனமின்மையும் இருக்கலாம். மகனுக்குரிய கூச்சமும் அதில் இருந்தது என்று நம்ப எனக்குத் தடையில்லை. மௌனத்தை நான் அவ்வளவாகக் குறை சொல்லமாட்டேன்.

நான் குறை காண்பது அந்தப் ‘போலி’ என்ற சொல்லில். அவர் தம்மைத்தான் சொல்லிக்கொண்டார், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொல் போய் விழுந்த இடம் எது? பேரன் போலிப் பேரன் என்றால், மகள் போலி மகள் ஆகிறாள். மேயோ மாவட்டத்திலிருந்து வந்து, யாரோ பெற்ற குழந்தையைக் கையில் வாங்கித் தன் பெயரைக் கொடுத்த அந்த மனிதர் போலித் தகப்பன் ஆகிவிடுகிறார். அவர் செய்த காரியத்தில் எது போலி? பெற்றவனுக்குத் தகப்பன் பதவி தானாக வந்து வாய்க்கிறது. தத்தெடுப்பவனோ யோசித்து, துணிந்து, கையெழுத்துப் போட்டு அதை ஏற்றுக்கொள்கிறான். அயர்லாந்திலேயே தத்தெடுப்புக்கு ஒரு சட்டம் 1952-ல்தான் வந்தது. அதற்கு முன்பும் அங்கே பிறர் குழந்தைகளைத் தம் குழந்தைகளாக வளர்த்தவர்கள் இல்லாமலா போனார்கள்? சட்டம் அவர்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தது.

காஸ்கரினோவின் விஷயத்திலோ சட்டம் முந்திக்கொண்டது. வழக்கமாகச் சட்டத்துக்கு இதயம் இல்லை என்று எழுதுவது எங்களைப் போன்ற கதாசிரியர்களின் பழக்கம். இந்த ஒரு வழக்கில், மனிதனுடைய இதயம் ரத்தத்தைப் பார்த்துத் தள்ளி வைத்ததை, சட்டம் கையெழுத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது.

தீர்ப்பு வந்த பிறகு அவர் மனம் ஆறிற்றா என்பது அவருக்கும் அவர் தாய்க்கும் இடையிலான விஷயம். எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் ஜெனோவாவில் தரையோடு சேர்த்து உதைத்த அந்தப் பந்துதான். அது உருண்டுபோன அந்த இரண்டு விநாடிகளில் அவர் தம்மை யார் என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ, அப்போது அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தாத்தா எந்த ஊர் என்று கேட்டால், மேயோ மாவட்டம் என்று சட்டென்று பதில் சொல்லியிருப்பார்.