அள்ளிய பனியை எங்கே கொட்டுவது?

ஜப்பானின் மேற்குக் கரையில் கொட்டும் வெண்பனிக்குக் கடல்தான் காரணம். நீகாத்தா, தொயாமா, இஷிகாவா, ஃபுகுயி ஆகிய மாகாணங்கள் ஜப்பான் கடலைப் பார்த்தபடி, ஏறத்தாழ 36 முதல் 38 பாகை வட அட்சத்தில் கிடக்கின்றன. கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரமும் ஏறக்குறைய இதே அட்சத்தில்தான் இருக்கிறது. துருவத்துக்கு வெகு தொலைவில், நடுக் குளிர்காலத்திலும் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே நிற்கும் இந்தக் கரையில், மக்கள் நெருங்கி வாழும் ஊர்களிலேயே மூன்று மீட்டருக்கு மேல் பனி நின்றிருக்கிறது.

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் வடமேற்குக் காற்று எலும்பைத் துளைக்கும் குளிர் கொண்டது, ஆனால் ஈரமில்லாதது. அது ஜப்பான் கடலைக் கடக்கிறது. அந்தக் கடலில் தெற்கிலிருந்து வரும் சுஷிமா நீரோட்டம் வெப்பத்தைச் சுமந்து ஓடுகிறது. கடலுக்கும் காற்றுக்கும் இடையே வெப்ப வேறுபாடு மிகப் பெரிதாக இருப்பதால் நீர் ஆவியாகி மேலே ஏறுகிறது. கடல் முழுக்க முகில்கள் வரிவரியாகத் திரள்கின்றன. கரையேறியதும் ஜப்பானின் முதுகெலும்பான மலைத்தொடர் அவற்றைத் தடுத்து உயர்த்துகிறது. சுமையெல்லாம் அங்கேயே இறங்கிவிடும். மலையைத் தாண்டிய காற்று வெறுங்கையோடுதான் டோக்கியோவுக்குப் போகிறது. மேற்கில் கூரைகள் நெரிபடும் அதே நாளில் கிழக்கே வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று அடிக்கும்.

எல்லாப் புயலும் மலையில்தான் கொட்டும் என்றில்லை. கொரியத் தீபகற்பத்தின் வடகோடி மலைகளில் மோதி இரண்டாகப் பிரியும் காற்று கடலின் மேல் மறுபடி ஒன்றுகூடும்போது அடர்ந்த முகில்பட்டை ஒன்று உருவாகிறது. அந்தப் பட்டை கரையில் எந்த இடத்தைத் தொடுகிறதோ அங்கே சமவெளியானாலும் பல மணி நேரம் விடாமல் பனி கொட்டும். 2021 ஜனவரியில் ஜொயெத்சு நகரின் தகடா பகுதியில் 24 மணி நேரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் விழுந்தது. இந்தக் கரையில் குளிர்காலத்திலும் இடி இடிக்கும். தொயாமா விரிகுடாவின் ஹிமி துறைமுகத்து மீனவர்களுக்கு அந்த இடி நல்ல சேதி. குளிர்கால புரி மீன் வலைக்கு வரும் காலம் அது. கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கோ வேலை தொடங்கிவிட்டதற்கான அறிவிப்பு.

படத்தில் பார்ப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாதது பனியின் எடை. சுழியத்தை ஒட்டிய வெப்பத்தில் விழும் பனி ஈரமானது, எனவே கனமானது. படிந்து இறுகிய பிறகு ஒரு கன மீட்டர் 300 கிலோவைத் தொடும். நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு அது நின்றால் முப்பது டன். மேலும் பெய்தால் உத்தரம் முனகத் தொடங்கும், கதவுகள் நிலையில் இறுகி நகர மறுக்கும். தகடாவில் 1945 பிப்ரவரியில் நின்ற பனியின் ஆழம் 377 சென்டிமீட்டர். மலையடிவாரத்து சுனான் ஊரில் 2006-இல் அது 416 சென்டிமீட்டரை எட்டியது.

இந்தச் சுமையைப் பற்றி வெளியுலகத்துக்கு முதலில் விரிவாகச் சொன்னவர் சுசுகி பொகுஷி. ஷியோசாவா ஊரில் துணி வணிகம் செய்தவர். காலம் 1770 முதல் 1842 வரை. பனி விழுந்தால் விருந்து வைத்து ரசிக்கும் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தாருக்கு, பனியில் புதைந்து வாழ்வது என்றால் என்ன என்று புரியவைக்க அவர் விரும்பினார். எழுதியதை அச்சில் பார்க்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் போராடினார். ‘ஹொகுயெத்சு செப்பு’ என்ற அந்த நூல் 1837-இல் வெளிவரத் தொடங்கியது. கூரையிலிருந்து பனியை வெட்டி இறக்குவது, பனிச்சரிவில் வீடுகள் போவது, பனிமேல் துணியை விரித்து வெளுப்பது எல்லாம் அதில் உண்டு. நாற்பதாண்டு விடாப்பிடி வீணாகவில்லை. அந்த மண்ணின் குளிர்காலத்தை அறிய இன்றும் அந்நூலைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது.

பனியோடு வாழ்வதில் விழுவதைத் தடுக்கும் பேச்சே இல்லை. அள்ளியதை எங்கே கொட்டுவது என்பதுதான் கேள்வி. மழைநீர் தானாக ஓடிவிடும். பனி இட்ட இடத்தில் கிடக்கும். வாசலில் அள்ளியதைத் தெருவில் தள்ளினால் வண்டி போகாது. தெருவில் வாரியதை ஓரத்தில் ஒதுக்கினால் வீட்டு வாசல் அடைபடும். கூரையிலிருந்து இறக்கியது பக்கத்து வீட்டுச் சன்னலை மூடும். ஒருவர் தம் வழியைத் திறப்பதே இன்னொருவர் வழியை அடைப்பதாக முடியும். ஆகவே இந்தக் கரையில் பனியைச் சமாளிப்பது அண்டை வீட்டாரோடு ஓர் உடன்பாட்டுக்கு வருவதுதான். கருவிகளெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

அந்த உடன்பாடு கல்லிலும் மரத்திலும் நிற்பதைத் தகடாவில் காணலாம். 1614-இல் கோட்டை எழுந்தபோது உருவான ஊர் அது. அங்கே தெருவைப் பார்த்த வீடுகள் ஒவ்வொன்றும் முகப்பில் ஒரு சாய்ப்பை இறக்கி, அதன்கீழ் நடைபாதை விட்டிருக்கின்றன. ‘கங்கி’ எனப்படும் இந்தச் சாய்ப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடுவதால், தெரு முழுக்கப் பனி நிரம்பினாலும் குடையில்லாமல் கடைக்கும் கோயிலுக்கும் போய்வர முடியும். எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். ஜப்பானிலேயே இதுதான் நீளமானது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், சாய்ப்பும் அதன்கீழ் உள்ள நிலமும் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குச் சொந்தம். தரையின் உயரம் வீட்டுக்கு வீடு மாறும்; ஒரு வீட்டின் முன் சிமென்ட், அடுத்த வீட்டின் முன் கல், இடையில் ஒரு படி. ஒவ்வொரு குடும்பமும் தன் மனையில் ஒரு கீற்றை ஊரார் நடக்கக் கொடுத்து, பழுதும் தானே பார்த்திருக்கிறது. பதிலுக்கு மற்ற எல்லார் வாசலிலும் நடக்கும் உரிமை கிடைத்தது. இதைவிடக் கண்ணியமான நகர ஏற்பாடு எங்கும் அரிதாகத்தான் இருக்கும். இன்று பழைய வீடுகள் இடிக்கப்பட்டு வாகன நிறுத்தமாகும் இடங்களில் அந்தத் தொடர் அறுகிறது. நடப்பவர் பனிக்குள் இறங்கி மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. சாய்ப்பைச் செப்பனிடுவோருக்கும் புதிதாகக் கட்டுவோருக்கும் நகராட்சி மானியம் தருகிறது.

நாகவோகா நகரம் வேறு வழியில் போனது. நிலத்தடி நீர் கசியும் இடத்தில் பனி தங்குவதில்லை என்பதைக் கவனித்தவர் இமாய் யொசாபுரோ. அரிசி நொறுக்குத்தீனி செய்து விற்றவர். அந்த நீர் குளிர்காலத்திலும் 13, 14 பாகை செல்சியஸ் வெதுவெதுப்பில் இருக்கும். அதை இறைத்து, சாலை நடுவே பதித்த குழாயின் சிறு துளைகள் வழியே பீச்சினால் பனி விழ விழக் கரைந்துவிடும். 1960-களின் தொடக்கத்தில் இது சாலைக்கு வந்தது. 1963 ஜனவரியின் பெரும்பனியில் நாகவோகாவில் மூன்று மீட்டருக்கு மேல் பனி நின்றபோது, குழாய் பதித்த தெருக்கள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. அதன்பின் குழாய் கரையெங்கும் பரவியது. நீரிலுள்ள இரும்பு படிந்து செம்பழுப்பாகிப்போன சாலைகளை நாகவோகாவில் இன்றும் பார்க்கலாம்.

ஆனால் அந்த நீர் யாருடையது? அள்ளும் உழைப்பு மிச்சமானதால் வீட்டுக்கு வீடு, நிறுவனத்துக்கு நிறுவனம் கிணறு தோண்டி ஒரே நேரத்தில் இறைத்தன. நிலத்தடி நீர்மட்டம் சரிந்தது. மினாமியுவோனுமா பகுதியிலும் தகடா சமவெளியிலும் தரையே அமிழ்ந்தது. பனி கண்ணுக்குத் தெரிந்த சுமை. தரை அமிழ்வது தெரியாத சுமை. தன் வாசல் காய்ந்தால் போதும் என்று இறைத்தவர்கள் தீயவர்கள் அல்லர். முதுகு ஒடிய அள்ளியவர்கள். ஆயினும் அவரவர் வாசலில் கரைந்த பனியின் செலவு எல்லார் அடிநிலத்திலிருந்தும் போனது. இப்போது பனி விழும்போது மட்டும் உணர்கருவி மூலம் நீரைத் திறப்பது, நீர்மட்டம் குறைந்தால் எச்சரிக்கை விடுத்து இறைப்பைக் குறைக்கச் சொல்வது எனக் கட்டுப்பாடுகள் வந்திருக்கின்றன.

கங்கிக்கும் நீர்க்குழாய்க்கும் நடுவில் நிற்பது பனி தள்ளும் வாய்க்கால். சாலையோரத்தில் ஆற்றுநீர் ஓடும் கால்வாய், மேலே இரும்புக் கிராதி மூடி. குறித்த நேரத்தில் மூடியைத் தூக்கி வீட்டுப் பனியை உள்ளே தள்ள வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் தள்ளினால் கால்வாய் அடைத்துக்கொண்டு, பள்ளத்தில் உள்ள வீடுகளுக்குள் நீர் புகுந்துவிடும். அதனால் தெருவுக்குத் தெரு நேரம் பிரித்திருக்கிறார்கள். முறை வந்ததும் வீட்டுக்கு ஒருவர் வெளியே வருகிறார். இரு கையாலும் பிடித்துத் தள்ளும் அகன்ற தட்டு ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. பெண்களும் எளிதில் தள்ளலாம் என்பதால் அதற்கு ‘மாமாசான் டம்ப்’ என்று பெயர். பெரிய கட்டியை அப்படியே தள்ளாமல் உடைத்துத் தள்ள வேண்டும். வேலை முடிந்ததும் மூடியை மறக்காமல் போட வேண்டும். திறந்த கால்வாயில் விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். பேச்சுக்கும் பனி தள்ளும் அந்த வேளைதான் நேரம். யார் வீட்டு முன் பனி அள்ளாமல் கிடக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

புயல் நாளில் சாலை வேறு விதமாகச் சோதிக்கிறது. 2018 பிப்ரவரியில் ஃபுகுயியின் எட்டாம் எண் தேசியச் சாலையில் ஏறத்தாழ 1,500 வண்டிகள் பனியில் சிக்கின. 2020 டிசம்பரில் கன்-எத்சு விரைவுச்சாலையில் ஏறத்தாழ 2,100. ஒரு லாரி சக்கரம் சுழன்று நின்றால் போதும், பின்னால் வரிசை வளரும். நின்ற வண்டிகளுக்கு இடையே பனிவாரும் எந்திரம் நுழைய முடியாது. குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டால், வண்டியின் பின்புறப் புகைக்குழாயைப் பனி மூடும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பி வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூக்கம் வருவதுபோல் வந்து உயிர் போய்விடும். எஞ்சினை நிறுத்தி வைப்பதே நல்லது. முடியாதபோது அடிக்கடி இறங்கிக் குழாயைச் சுற்றிய பனியை நீக்க வேண்டும். வண்டியில் மண்வாரி, போர்வை, தண்ணீர் இல்லாமல் இந்தக் கரையில் குளிர்காலத்தில் கிளம்பக் கூடாது. இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு, வண்டிகள் சிக்கும் முன்பே சாலையை மூடும் முறைக்கு அரசு மாறியது. வணிகர்களுக்கு இழப்புதான். என்றாலும் எந்த வானிலையிலும் சரக்கு நேரத்துக்குப் போயே தீரும் என்ற எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டு, கடைசியில் அதை ஓட்டுநரின் உயிரைக் கொண்டு நிறைவேற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். புயலில் வீட்டில் இருப்பதும் ஒரு திறமைதான். அதற்கான அனுமதியைச் சமூகம் தர வேண்டும்.

ஆயினும் இன்று பனி அதிகம் பேரைக் கொல்வது சாலையில் அல்ல. 2006 குளிர்காலத்தில் நாடு முழுவதும் 152 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பனி அள்ளும்போது இறந்தவர்கள். பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். கூரையிலிருந்து விழுவார்கள், ஏணி சரியும், குளிரில் மூச்சிரைக்க உழைக்கும்போது நெஞ்சு நின்றுவிடும். பெய்வது நின்று வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் ஆபத்து இன்னும் கூடும். கூரைப் பனியின் அடிப்பரப்பு இளகி மொத்தமாகச் சரிந்து கீழே நிற்பவரை மூடிவிடும். பாதுகாப்பு முறைகள் தெரியாதவை அல்ல: தனியாக ஏறக் கூடாது, கயிற்றைக் கூரையின் கொக்கியில் பூட்ட வேண்டும், கைப்பேசி சட்டைப்பையில் இருக்க வேண்டும், கீழே சிறிது பனியை மெத்தைபோல் விட்டுவைக்க வேண்டும். தெரிந்தும் தனியாகவே ஏறுகிறார்கள்.

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது அநியாயம். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் எழுபதைத் தாண்டியவர். அவர் கூரையிலும் அதே பனி. கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால் பெரும்பனியில் எல்லார்க்கும் ஒரே நாளில் ஆள் வேண்டும். இவற்றுக்கு மேல், பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் கற்ற ஒரு மனம். நாற்பது ஆண்டுகளாகத் தன் கூரையைத் தானே பார்த்தவர் உதவி கேட்பது, தன்னால் இனி முடியாது என்று ஊரறிய ஒப்புக்கொள்வது. அந்த ஒப்புதலைவிட ஏணி அவருக்கு இலகுவாகத் தெரிகிறது. ஆகவே கேட்டால் உதவுவோம் என்று காத்திருப்பது உதவி ஆகாது. கேட்கும் முன்பே ஆள் வந்து நிற்பதுதான் அவரைக் கூரையிலிருந்து இறக்கும்.

நீகாத்தா மாகாணம் பனி அள்ளும் தொண்டர்களைப் பதிவுசெய்து, ஆள் பற்றாத ஊர்களுக்கு அனுப்புகிறது. 2006-க்குப் பிறகு ‘எச்சிகோ யுகிகாகி தோஜோ’ என்ற பயிற்சி முகாம்களும் தொடங்கின. டோக்கியோ போன்ற ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு பனி விழும் ஊர்ப் பெரியவர்களே ஆசான்கள். பனியைக் கட்டியாக வெட்டும் கோணம், தூக்காமல் வழுக்கவிடும் உத்தி, எங்கே கொட்டலாம் எங்கே கூடாது என்பதெல்லாம் பாடம். உதவி பெறுபவராக நிற்கக் கூசியவர் கற்றுக்கொடுப்பவராகத் தலைநிமிர்ந்து நிற்கிறார். இந்தத் திட்டத்தின் மதிப்பு அள்ளிய டன் கணக்கில் இல்லை, இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது.

ஆளில்லா வீடுகள் மட்டும் இன்னும் தீராத சிக்கலாக நிற்கின்றன. உரிமையாளர் தொலைவில் இருக்கிறார், அல்லது வாரிசுகள் பலராகிவிட்டார்கள். கூரைப் பனி பக்கத்து வீட்டின் மேலோ பள்ளிப் பிள்ளைகள் போகும் வழியிலோ சரிகிறது. அயலார் பிறர் மனையில் ஏறி அள்ளவும் முடியாது. 2014-இல் நிறைவேறிய காலி வீடுகள் சட்டம், ஆபத்தான வீட்டின் உரிமையாளருக்கு அறிவுரையும் ஆணையும் தரவும், அவர் செய்யாவிட்டால் தானே செய்து செலவை அவரிடம் வாங்கவும் நகராட்சிக்கு அதிகாரம் தருகிறது. நடைமுறையில் அந்தச் செலவு பல சமயம் திரும்பி வருவதில்லை. ஊரின் பொதுப் பணத்திலிருந்துதான் போகிறது. அதற்கு மனம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் கீழே நடப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள் என்பதால், பனி இறுகும் முன்பே அந்தக் கூரைகளைக் கணக்கெடுத்து, யார் எப்போது அள்ளுவது என்று இலையுதிர்காலத்திலேயே ஊர்க்கூட்டத்தில் முடிவுசெய்வதுதான் இப்போதைக்குச் செய்யக்கூடியது.