ஓராண்டு மேயர்

தீரர் சத்தியமூர்த்தி என்றதும் மேடைப் பேச்சுதான் முதலில் நினைவுக்கு வரும். 1887-இல் திருமயத்தில் பிறந்து, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்து, சென்னையில் வக்கீலானவர். 1923-இல் மாகாண சட்டசபை, 1934 தேர்தலில் மத்திய சட்டசபை. கேள்வி நேரத்தில் அவர் எழுந்தாலே அரசுத் தரப்புக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் எல்லாம் எதிர்வரிசை வேலை. 1937-இல் காங்கிரஸ் மாகாண ஆட்சியைப் பிடித்தபோது ராஜாஜி மாகாணப் பிரதமரானார். மந்திரிசபையில் இவருக்கு இடமில்லை.

அதிகாரம் என்று கைக்கு வந்தது 1939-இல் கிடைத்த சென்னை மேயர் பதவிதான். அதுவும் ஓராண்டுக்கு. அங்கியை மாட்டிக்கொண்டு வரவேற்புரை வாசித்தே அந்த ஓராண்டைக் கழித்திருக்கலாம். இவர் குடிநீரைப் பிடித்துக்கொண்டார். பெருகிவந்த ஊருக்குச் செங்குன்றம் ஏரித் தண்ணீர் போதவில்லை. கொசஸ்தலையாற்றைப் பூண்டியில் மறித்து நீர்த்தேக்கம் கட்டியே ஆகவேண்டும் என்று நின்றார். உலகப்போர் தொடங்கிவிட்ட நேரம். காங்கிரஸ் மந்திரிசபையும் ராஜினாமா செய்துவிட்டது. இனி எதற்கும் வெள்ளைக்காரக் கவர்னரின் சம்மதம் வேண்டும். மேடைதோறும் யாரைச் சாடினாரோ அவர்களிடமே போய்ப் பேசி ஒரு காரியத்தை முடிப்பது, வீறாப்புள்ள அரசியல்வாதிக்கு லேசான வேலையா? அவருடைய ஆயிரம் சொற்பொழிவுகளைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1940-இல் அடிக்கல் விழுந்தது. 1944-இல் வேலை முடிந்தபோது அவர் இல்லை. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறைப்பட்டு, உடல் நொடிந்து, 1943 மார்ச் 28-இல் காலமாகியிருந்தார். நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

அவர் எடுத்த நிலையெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையை ஒழிக்க மாகாண சட்டசபையில் போராடியபோது, இவர் எதிர்த்தரப்பில் நின்றார். அந்த வழக்கில் வென்றது டாக்டரம்மாதான். 1947-இல் சட்டமே வந்துவிட்டது.

சத்தியமூர்த்தி படித்த அந்தப் புதுக்கோட்டை 2024-இல் மாநகராட்சியானது. இப்போது அங்கேயும் ஒரு மேயர் நாற்காலி. கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழ்ந்த மண் அது. கோடை பிறந்தால் அந்த நாற்காலிக்கு முன்னாலும் குடிநீர் மனுதான் முதலில் வந்து நிற்கும்.