கேட்காத கேள்விக்கு என்ன பதில்?

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். கடைக்காரரும் 'பார்த்து எடுத்துக்குங்க' என்று விட்டுவிடுகிறார். 'இந்தக் கூடையில் நாலு முற்றல் இருக்கிறது' என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லையே என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முற்றலைக் கண்டுபிடிக்கும் வித்தை நம் விரலிலேயே இருக்கிறது.

சரி, பழைய கார் வாங்கும்போது எந்த நுனியை ஒடித்துப் பார்ப்பீர்கள்?

2025-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூரில் என் அண்ணன் மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. பையனுக்கு முப்பத்து மூன்று வயது. பம்ப்செட் கம்பெனியில் வேலை. செட்டிபாளையம் டிராக்கில் ரேஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவனிடம் 2010 மாடல் டீசல் ஹேட்ச்பேக் ஒன்று இருந்தது. அதில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் இன்ஜின். ஒரு காலத்தில் மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடி, 'தேசிய இன்ஜின்' என்று செல்லப் பெயரே வாங்கியது. 2020-ல் பி.எஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. மைலேஜுக்கு ஆசைப்படுகிறவர்கள் இன்னமும் பழைய டீசல் வண்டிகளைத் தேடித்தான் வருகிறார்கள்.

எட்டு வருடம் அந்த வண்டியை அவன் ஓட்டினான் என்பதைவிட வளர்த்தான் என்று சொல்லலாம். இன்ஜினின் கம்ப்யூட்டரில் இருக்கிற கணக்கை மாற்றி, அதாவது 'ரீமேப்' செய்து, 75 குதிரைசக்தியை 90-க்கு மேல் கொண்டுபோனான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தினான். அகலமான டயர், பளபளக்கும் அலாய் வீல். கழற்றிய ஒரிஜினல் சாமான்களை ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் போட்டு மாடி ரூமில் வைத்தான். 15 வருட ஆர்.சி. முடிந்து புதுப்பிக்கப் போனபோது அந்தப் பெட்டிதான் கைகொடுத்தது. ஒருநாள் எல்லாவற்றையும் பழையபடி மாட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டினான். மறுநாளே கழற்றிவிட்டான்.

இப்போது வீட்டில் இரண்டாவது குழந்தை வரப்போகிறது. பெரிய வண்டி வேண்டும். விளம்பரம் கொடுத்தான். 'டீசல், 2010, நல்ல கண்டிஷன். 25,000 ரூபாய் மதிப்புள்ள ஸ்பேர் பார்ட்ஸ் இலவசம்.'

வந்தவர் அவிநாசிப் பக்கம். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மாமனார் வீடு கோத்தகிரியில். மாதம் ஒருமுறை மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு போய்வர ஒரு வண்டி வேண்டும். அவருக்கு முதல் கார்.

அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினான் இவன். பழைய ஸ்பிரிங் நாலு, டயரோடு இரும்பு வீல் நாலு, ஏர் ஃபில்டர் டப்பா, பிரிக்காத புத்தம் புது கிளட்ச் செட். வந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனையும் சும்மாவா! ஒரு மனிதர் புது கிளட்ச் செட்டை எதற்காக வாங்கி வைத்திருக்கிறார் என்று அவர் யோசிக்கவில்லை. அந்த நிமிஷம் நானும்தான் யோசிக்கவில்லை.

"ஏனுங்க, மலை ஏறுமுங்களா?"

"பறக்குமுங்க!"

2,45,000 என்று பேசி முடித்து 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் கிளட்ச் செட்டைப் பற்றிக் கேட்டேன். பையன் சிரித்தான்.

"ரீமேப் பண்ணினா கிளட்ச் சீக்கிரம் தேஞ்சுருங்க சித்தப்பா. இப்பவே ஏத்தத்துல லேசா வழுக்குது. மாத்தலாம்னு வாங்கி வச்சேன். அப்புறம் எதுக்கு செலவுன்னு விட்டுட்டேன்."

"வேற ஏதாவது இருக்கா?"

"அஞ்சு பேர் ஏறினா பின் டயர் உள்ளே உரசும். நான் எப்பவும் தனியாத்தானே போவேன்?"

யோசித்துப் பாருங்கள். தனி ஆள் ஓட்டினால் ராஜா மாதிரி போகிற வண்டி. அதன் குறை ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்தால்தான் வெளியே தெரியும். அதுவும் மலைப்பாதையில்.

"இதை அவர்கிட்டே சொன்னியா?"

"அவர் கேக்கலையே! கேக்காததை நான் ஏன் சொல்லணும்? நான் ஒரு பொய்கூடச் சொல்லலைங்க சித்தப்பா."

உண்மைதான். ஒரு பொய்கூட இல்லை. 'பறக்குமுங்க' என்பதும் உண்மை. இன்ஜினில் அவ்வளவு சக்தி இருக்கிறது. ஒரு வார்த்தை பொய் பேசாமல் ஒருவரை முழுசாக ஏமாற்ற முடியும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இந்த வழக்கு இன்று நேற்று தொடங்கியதல்ல. கி.மு. 44-ல் ரோமானிய அறிஞர் சிசரோ, ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கதை வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

இரண்டு தத்துவ ஆசிரியர்கள் இதில் மோதிக்கொள்கிறார்கள். பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், சட்டம் சொல்லச் சொல்வதைச் சொன்னால் போதும் என்கிறார். மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு என்பது அவர் கட்சி. அவருடைய சிஷ்யர் ஆன்டிபேட்டர் குருவையே மறுக்கிறார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்கும் தெரிந்தாக வேண்டும் என்கிறார். சிசரோவின் தீர்ப்பு சிஷ்யர் பக்கம். சும்மா இருப்பதெல்லாம் மறைப்பது ஆகாது, உன் லாபத்துக்காக இன்னொருவர் இருட்டிலேயே இருக்கட்டும் என்று நினைக்கிறாயே, அதுதான் மறைப்பது என்கிறார்.

"அப்ப நான் குரு கட்சி" என்றான் பையன். "நானே இந்த வண்டியை செகண்ட்ஸ்லதான் வாங்கினேன். எனக்கு யாரு எதைச் சொன்னா? வேணும்னா அவர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே!"

நியாயமான வாதம்தான். நம் சட்டமும் முக்கால்வாசி அவன் பக்கம்தான் நிற்கிறது. 1930-ஆம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, தரத்தைப் பார்த்து வாங்கும் பொறுப்பை வாங்குபவர் தலையில்தான் வைக்கிறது. ஆனால், அவன் மறந்த இன்னொரு சட்டம் உண்டு. 1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. நாளைக்கே செக்போஸ்டில் நிறுத்தினாலும், இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் சிக்கல் வந்தாலும் பதில் சொல்லப்போவது யார்? வண்டியைத் தொட்டு ஒரு போல்ட்டைக்கூட மாற்றாத அவிநாசிக்காரர்.

மெக்கானிக் விஷயத்துக்கு வருவோம். தெரியாததைக் கேட்பதற்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ரீமேப் என்ற சொல்லையே கேள்விப்படாதவர், 'ரீமேப் பண்ணியிருக்கீங்களா?' என்று எப்படிக் கேட்பார்? நன்றாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு நாம் சொல்ல வேண்டியது குறைவு. கேட்கத் தெரியாதவருக்குத்தான் நம் கடன் அதிகம். நாமோ உல்டாவாகச் செய்கிறோம். விவரமானவர் வந்தால் மரியாதையாக எல்லாவற்றையும் ஒப்பிக்கிறோம். வெள்ளந்தியாக ஒருவர் வந்தால் 'கேக்கலையே' என்கிறோம்!

'எனக்கும் யாரும் சொல்லலை' என்பதற்கு ஒரு பொருளாதார நிபுணர் பதில் வைத்திருக்கிறார். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். எந்த வண்டி நல்லது, எது ஓட்டை என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டுக் குறைத்தே கேட்பார். குறைத்துக் கேட்டால் நல்ல வண்டி வைத்திருப்பவர் 'நான் விற்கவே இல்லை' என்று ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். முதலில் பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய இந்தக் கட்டுரைதான் 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க முக்கியக் காரணம். அடுத்த தெருவில் ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கு ஒருவருக்கு நியாயமான விலை கிடைக்காமல் போனால், அதில் நம் மௌனத்துக்கும் பங்கு உண்டு.

நம் ஊரில் இதை நோபல் பரிசு இல்லாமலே சொல்லிவிட்டார்கள். பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பார்ப்பதே நல்ல வியாபாரம் என்று வள்ளுவர் சொல்வது எந்த அதிகாரத்தில் தெரியுமா? நடுவுநிலைமையில். வியாபாரத்தில் பொய் சொல்லாமல் இருப்பதோடு வேலை முடியவில்லை, தராசின் முள் நடுவில் நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்ததில் பாதி உனக்குத் தெரியாவிட்டால் முள் எப்படி நடுவில் நிற்கும்?

'அப்படியானால் ஒவ்வொரு கீறலையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா?' என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். கீறல் அவர் கண்ணுக்கே தெரியும், அது வெண்டைக்காய் நுனி. பார்த்தால் தெரியாதது, தெரிந்தால் அவர் முடிவே மாறிவிடக் கூடியது... இந்த இரண்டும் சேர்ந்த எதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்காக வண்டியை மட்டம்தட்ட வேண்டியதும் இல்லை. நல்லதையும் சொல்லுங்கள்.

இரண்டு நாள் பையன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவிநாசிக்காரருக்குப் போன் போட்டான். கிளட்ச், டயர், ரீமேப் எல்லாவற்றையும் சொல்லி, "அட்வான்ஸை வாங்கிக்கிறதுன்னாலும் வாங்கிக்குங்க" என்றான். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, "யோசிச்சுச் சொல்றேனுங்க."

நாலு நாள் கழித்து நேரிலேயே வந்தார். "எனக்கு அவ்வளவு வேகமெல்லாம் வேண்டாமுங்க. அந்தப் பெட்டியில இருக்கறதையே மாட்டிக் குடுத்துருவீங்களா?"

பழைய ஸ்பிரிங் ஏறியது. இரும்பு வீல் ஏறியது. புது கிளட்ச் ஏறியது. இன்ஜினும் பழைய கணக்குக்கே திரும்பியது. கூலி எல்லாம் இவன் கையிலிருந்து. அலாய் வீலைத் தனியாக விற்றும் பதினெட்டாயிரம் ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட்டான். நேர்மைக்கு வட்டியோடு லாபம் வரும் என்று நான் உங்களிடம் கதை விடப்போவதில்லை. வரவில்லை.

டெலிவரிக்கு முந்தின ராத்திரி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சொன்னான்: "என் வண்டி மாதிரியே இல்லைங்க சித்தப்பா."

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. பணத்துக்காக மட்டும் அவன் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. எட்டு வருடம் ஆசையாகச் செய்ததை, இன்னொருத்தர் வாயால் 'குறை' என்று கேட்க அவன் மனசு இடம் கொடுக்கவில்லை. நாம் மறைக்கிற பல விஷயங்கள் இப்படித்தான். வீட்டை விற்கும்போது மழைக்கு ஓதம் காக்கிற சுவரை, பெண் பார்க்க வருகிறவர்களிடம் பையனின் பழைய வியாதியை மறைக்கிறோமே, அப்போதும் கண்ணில் படுவது நம் பொருளும் நம் பிள்ளையும்தான். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் கண்ணில் படுவதே இல்லை.

உங்கள் வீட்டிலும் விற்கப்போகிற ஏதோ ஒன்று இருக்கும். விலை பேசுவதற்கு முன் ஒரு நிமிஷம் பாருங்கள். வாங்க வருகிறவர் ஒடித்துப் பார்க்க அதில் நுனி இருக்கிறதா?

இல்லையென்றால், நீங்களே ஒடித்துக் காட்டிவிடுங்கள்.