இரக்கம் மட்டும் போதுமா?

குழந்தை மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டால் பெற்ற மனம் வாடுகிறது. ‘பாவம், அதனால் முடியாது’ என்று அதன் வேலைகளையும் நாமே செய்துவிடுகிறோம். அடம்பிடித்தால் விட்டுக்கொடுக்கிறோம். இதை அன்பு என்றே நம்புகிறோம். சற்று ஆழ்ந்து சிந்தித்தால் ஒரு கேள்வி எழும்: இந்த இரக்கம் தணிப்பது குழந்தையின் வேதனையையா, நம்முடைய வேதனையையா?

ஹெலன் கெல்லரின் இளமைப் பருவம் இக்கேள்விக்கு ஒளியூட்டுகிறது. 1880-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கம்பியா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது கண்ட நோய், பார்வையையும் செவிப்புலனையும் ஒருங்கே பறித்தது. பெற்றோர் மகளிடம் உயிரையே வைத்திருந்தனர். உணவு வேளையில் அவள் எல்லோர் தட்டிலும் கைவிட்டு வேண்டியதை எடுத்து உண்பாள், ஒருவரும் தடுப்பதில்லை. இருளில் வாடும் குழந்தையைக் கண்டிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

1887 மார்ச் 3 அன்று ஆன் சல்லிவன் அந்த வீட்டிற்கு ஆசிரியையாக வந்தார். அப்போது அவருக்கு வயது 20. சிறு வயதிலேயே கண்நோயால் பார்வை மங்கியவர். தாயை இழந்து, ஏழைகள் விடுதியில் வளர்ந்து, அங்கேயே தம்பியையும் பறிகொடுத்தவர். துன்பம் இன்னதென்று அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும், தம் தட்டில் கைவைக்கச் சிறுமியை அவர் அனுமதிக்கவில்லை. மற்றவர்கள் வெளியேறிய பின் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அவள் தன் தட்டிலிருந்து கரண்டியால் உண்ணும்வரை போராடினார்.

பின்னர் சிறுமியும் தாமும் மட்டும் தோட்டத்து வீட்டில் தனித்திருக்க அனுமதி கேட்டார். பெற்றோர் இசைந்தனர். மகளைச் சில நாட்கள் பிரிந்திருக்க உடன்பட்டதே அவர்கள் செய்த பெரிய தியாகம். அங்கே ஆன் அவளது உள்ளங்கையில் விரல்களால் ஓயாமல் எழுத்துகளைக் காட்டிவந்தார். ஒருநாள் மகளைக் காண வந்த தந்தை, வீட்டு நாயையும் உடன் அழைத்து வந்தார். சிறுமி அதன் அருகில் அமர்ந்து, அதன் காலைப் பிடித்து, ‘பொம்மை’ என்பதற்கான எழுத்துகளைக் கற்பிக்க முயன்றாள்! அச்சொல்லின் பொருள் அவளுக்கு அப்போது புரிந்திருக்கவில்லை. ஆனால் வாங்கியே பழகிய கை கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 5 அன்று, ஒரு கையில் குழாய் நீர் பாய, மறு கையில் ஆன் ‘நீர்’ என்று எழுத, ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு என்ற உண்மை அவளுள் உதித்தது.

அப்படியானால் கண்டிப்புதான் குழந்தையை வளர்க்கிறதா? அப்படி முடிவு செய்வது தவறு. சில நாட்களுக்குப் பின், ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்று பெரியவர்களின் பேச்சைக் கேட்டே மொழியறிவதை ஆன் கவனித்தார். அதற்கு வயது ஏறத்தாழ 15 மாதம். உடனே குறித்த நேரப் பாடங்களைக் கைவிட்டு, குழந்தையின் செவியில் தாய் பேசுவதுபோல, ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகவே பேசத் தொடங்கினார். குழந்தையிடம் வைத்த எதிர்பார்ப்பை அவர் தளர்த்தவில்லை. தம் முறையைத்தான் மாற்றிக்கொண்டார். சினத்தால் பிறக்கும் கண்டிப்பு குழந்தையை மட்டுமே மாறச் சொல்கிறது. நம்பிக்கையால் பிறக்கும் கண்டிப்போ முதலில் தன்னை மாற்றிக்கொள்கிறது.

1904-இல் ஹெலன் பட்டம் பெற்றபோதும் ஆன் உடனிருந்தார். 1936-இல் ஆன் மறையும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, அந்தத் துணை நீடித்தது.

எல்லாக் குழந்தைகளும் ஹெலன் கெல்லர் ஆவதில்லை, ஆக வேண்டியதுமில்லை. ஒரு குழந்தை தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொள்வதும் ஒரு வெற்றியே. அதன் விரல்கள் தடுமாறும்போது நம் கை தானாக நீளும். அந்தக் கணத்தில் சற்றுப் பொறுத்திருப்போம், அருகிலேயே இருப்போம். ‘உன்னால் முடியும்’ என்பதை வாயால் சொல்வதைவிட, அவ்வாறு காத்திருப்பதால் குழந்தைக்கு நன்றாக உணர்த்த முடியும்.