தூரத்துக்கு எழுதுதல்

தொண்டு செய்யத் தொலைதூரம் போகிறவர் இரண்டு காரியங்களைச் செய்கிறார். ஒன்று, போன இடத்தில் செய்கிற வேலை. மற்றது, அதைப் பற்றி ஊருக்கு எழுதுவது. முதல் காரியத்தைப் பற்றி நாம் நிறையவே சண்டை போட்டிருக்கிறோம்: மதமாற்றம், காலனி ஆட்சி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று. இரண்டாவது காரியம் பெரும்பாலும் விசாரணைக்கு வராமலே போய்விடுகிறது. கிறிஸ்துவ ஊழியர் ஒருவர் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போகிறார். இரவில் விளக்கடியில் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறார். அந்தக் கடிதம் கடல் தாண்டி, அந்தக் கிராமத்தில் அவரைத் தவிர ஒருவரையும் அறியாத நூறு பேர் கைக்குப் போகிறது. இன்று கப்பல் வேண்டியதில்லை. படத்தோடு அன்றிரவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. வேகம் மாறியிருக்கிறது, பிரச்னை மாறவில்லை. இன்னொருவருடைய துக்கத்தை, அவருக்குத் தெரியாத பாஷையில், அவருக்குத் தெரியாத மனிதர்களிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை? தெரிந்திருந்தும் சொல்லாமல் இருக்கத்தான் என்ன உரிமை?

ஆடம் ஸ்மித் 1759இல் எழுதிய அறவியல் நூலில் ஓர் உதாரணம் வருகிறது. சீனம் முழுவதும் பூகம்பத்தில் விழுங்கப்பட்டது என்று கேள்விப்படுகிற ஐரோப்பியன், வருத்தப்பட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவான்; நாளை தன் சுண்டு விரல் போகும் என்று தெரிந்தால் தூங்கமாட்டான். ஊழியரின் கடிதம் செய்ய முயல்வது இதைத்தான்: சீனத்தை வாசகனின் சுண்டு விரலாக மாற்றுவது. கோடிப் பேரை வைத்து இதைச் செய்ய முடியாது. ஒரு குழந்தை வேண்டும். அதற்கு ஒரு முகம் வேண்டும், அழுகை வேண்டும். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கடித ஸ்தாபனத்துக்கு முந்நூறு வருஷ வயது. சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதியனுப்பியவற்றை ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே 1710 முதல் அச்சிட்டு வந்தார். அவற்றைப் படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் ஊழியம் நடந்தது. ஊழியம் நடந்ததால் மேலும் எழுத விஷயம் கிடைத்தது. இந்தச் சக்கரத்தில் அயோக்கியத்தனம் எதுவும் இல்லை. ஆனால் எது அச்சாகும் என்பதைச் சக்கரமே தீர்மானிக்கத் தொடங்கியது. சீகன்பால்க் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியைப் பற்றி ஒரு நூல் எழுதி அனுப்பினார். கேலி செய்வதற்காக எழுதியதல்ல, தெரிந்துகொண்டு எழுதியது. அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டியதில்லை என்று பிராங்கே கருதியதாகச் சொல்லப்படுகிறது. அந்த நூல் 1867இல் ஜெர்மான் என்பவரால் சென்னையில் அச்சாகும்வரை 154 வருஷம் காத்துக் கிடந்தது.

தமிழர்களின் பதில் கடிதங்களுக்கு வேறு கதி. சீகன்பால்க்கும் கிருண்ட்லரும் கேள்விகள் அனுப்பித் தமிழர்களிடம் பதில் வாங்கினார்கள். மொத்தம் 99 கடிதங்கள். ஜெர்மனில் பெயர்த்து 1714இலும் 1717இலும் ஹாலேயில் வெளியிட்டார்கள். நம்மவர்கள் அதில் எதிர்த்து வாதிடுகிறார்கள், திருப்பிக் கேள்வி கேட்கிறார்கள். ஆனால் எழுதியவர்களின் பெயர் இல்லை. குரல் கடல் தாண்டியது, ஆள் தாண்டவில்லை. பெயரில்லாத குரலை வாசகன் தன் வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம்.

மோசமான உதாரணங்களை வைத்து வாதிடுவது சுலபம். பட்டினிக் குழந்தையின் படத்தைப் போட்டுக் காசு திரட்டுகிறவனைக் கண்டிக்கக் கட்டுரை தேவையில்லை. நேர்மையான ஒருவரை எடுத்துக்கொண்டால்தான் கேள்வி தன் முழு பலத்தோடு எழும். ஆகவே ஏமி கார்மைக்கேல்.

அயர்லாந்தில் 1867இல் பிறந்தவர். ஜப்பானுக்குப் போய்ச் சரிப்படாமல், இலங்கையைத் தொட்டு, 1895இல் இந்தியாவுக்கு வந்தார். பிறகு 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. திருநெல்வேலிச் சீமையில் தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் சுற்றியதைக் கடிதங்களாக எழுதினார். அவற்றைத் தொகுத்தபோது, வெளியிட வேண்டியவர்கள் திருப்பியனுப்பினார்கள்: இன்னும் கொஞ்சம் நம்பிக்கையூட்டும்படி எழுதக் கூடாதா? வாசகருக்கு வெற்றிகள் வேண்டும். இவரோ கதவடைத்த வீடுகளையும், கேட்டுவிட்டு எழுந்து போன ஜனங்களையும், தோல்விகளையும் எழுதியிருந்தார். மாற்ற மறுத்துவிட்டார். அது 1903இல் வந்தபோது அதன் பெயரே 'உள்ளது உள்ளபடி' என்கிற பொருளில் இருந்தது. ஹாலே சக்கரத்தை எதிர்த்து நின்ற எழுத்து என்பதால் இதற்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன்.

கோயிலுக்கு விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி 1901இல் தப்பித்து அவரிடம் வந்தாள். அதன் பிறகு கார்மைக்கேலின் வாழ்க்கை முழுவதும் அப்படிப்பட்ட குழந்தைகளுக்காயிற்று, எழுத்தும்தான். அந்தக் குழந்தைக்கு நேரவிருந்தது கொடுமை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் 'உள்ளபடி' என்ற சொல்லில்.

நான் இருப்பது காஞ்சிபுரத்தில். பிறர் எழுதப் பழகிய ஊர். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் தொடங்கி வைத்தார். அதே தேவதாசி மரபில் வந்தவர் எங்களூர் தனகோடி அம்மாள். அவரும் அவர் சகோதரிகளும் சியாமா சாஸ்திரி பரம்பரையின் சங்கீதத்தைக் கைவசம் வைத்திருந்தவர்கள். தங்கை காமாட்சியின் மகன்தான் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889 முதல் 1934 வரை வாழ்ந்த அவருடைய லயக் கணக்கைப் பற்றி இன்றும் வித்வான்கள் பேசுகிறார்கள். கார்மைக்கேல் வண்டியில் சுற்றிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இந்த வீட்டில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. தப்பி ஓடிய குழந்தையும் உண்மை, தனகோடியின் பாட்டும் உண்மை. கடல் தாண்டிப் போன கடிதத்தில் இரண்டாவதற்கு இடம் இல்லை. பொய் சொல்லியதால் அல்ல. இங்கிலாந்தின் கெஸ்விக்கில் உட்கார்ந்து படிக்கிற ஒருவருக்கு இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சுண்டு விரல் வலிக்காது. குறையை அந்தப் பெண்கள் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் படிக்க முடியாத பாஷையில் அது எழுதப்பட்டது.

இதற்கு உடனே ஒரு பதில் உண்டு: அவர்களே எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதானே? எழுதினார்கள். அந்த மரபிலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். உள்ளிருந்து, கோபத்தோடு, தமிழில், பெயர் போட்டு. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியை ஆதரித்தும், அதை எதிர்த்து மனுக் கொடுத்தும் அந்தப் பெண்களே பேசினார்கள். சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. ஒரு விவகாரம் அதன் சொந்தக்காரர்களிடையே பேசப்படுவது இப்படித்தான்: பாதிப்பேர் எதிர்த்துக்கொண்டு. ஆனால் 1903க்கும் 1936க்கும் நடுவில் 33 வருஷம் இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தையால் 33 வருஷம் காத்திருக்க முடியாது. மௌனமும் சுத்தமான கையல்ல.

கேதரின் மேயோவின் 'மதர் இந்தியா' 1927இல் வந்தபோது காந்தி அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்றார். அதோடு நிற்கவில்லை: அமெரிக்கர் முன்னாலும் ஆங்கிலேயர் முன்னாலும் வைக்கத் தகுதியற்ற புத்தகம், ஆனால் இந்தியர்கள் படித்தால் பயனுண்டு என்கிற மாதிரியும் சொன்னார். முதலில் இது நழுவல் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு, இதில் ஒரு தத்துவம் இருக்கிறதென்று தோன்றியது. ஒரு வாக்கியத்தின் உண்மை அதன் விஷயத்தில் இருக்கலாம். அதன் தர்மம் அது யாரை நோக்கிப் போகிறது என்பதிலும் இருக்கிறது. ஆனால் காந்தியின் வாதத்துக்குள் ஒரு 'நாம்' ஒளிந்திருக்கிறது. எங்களூர் விஷயத்தையே பாருங்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ள உதவிக்கை ஒன்று வேண்டும். அந்தக் கை வெகுகாலம் சிறுவர் கையாக இருந்தது; பல வீடுகளில் முன்பணம் வாங்கிய கடனுக்கு ஈடான கை. நியூயார்க்கில் உள்ள மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது அதில் காஞ்சிபுரமும் இருந்தது. ஊர் மானத்தை வெளியே கொண்டுபோய் விற்றுவிட்டார்கள் என்று சொல்ல எவருக்கும் வாய் இருக்கும். ஆனால் 'நம் விஷயம், நாமே பேசிக்கொள்வோம்' என்கிற முதலாளியும், தறியில் உட்கார்ந்த பையனும் ஒரே 'நாம்' அல்ல. வீட்டுக்குள் குரல் எடுபடாதவனுக்கு வெளியாள்தான் சில சமயம் ஒரே காது.

இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினேன். என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஒரு பாங்கில் குமாஸ்தா. சில வருஷங்களுக்கு முன் வயதான நெசவாளி ஒருவர் கடன் கேட்டு வந்தார். ஜாமீனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். இருந்தது ஒவ்வொன்றும் எப்படிப் போயிற்று என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போன ஒரு பொருளைப் பற்றியும் சொன்னார். அந்த முகம் என்னை விடவில்லை. முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகை ஒன்றில் அதை எழுதினேன். பெயர் போடவில்லை. நண்பர்கள் பாராட்டினார்கள். சில மாதம் கழித்து அவருடைய மகள் பத்திரிகையோடு கவுண்டருக்கு வந்தார். எங்கள் ஊரில் பெயரை மறைத்து என்ன பயன்? தெருவையும் தறியையும் எழுதினாலே வீடு தெரிந்துவிடும்.

"நீங்கதானே சார் எழுதினது?"

"ஆமாம்மா."

"அவர் கடனுக்குச் சொன்னாரு சார். கதைக்கா சொன்னாரு?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. அந்தக் கடன் கிடைக்கவில்லை. அது என் கையில் இல்லை என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கார்மைக்கேல் எழுதியது குழந்தைகளுக்குச் சோறாகவும் கூரையாகவும் திரும்பி வந்தது. நான் எழுதியது எனக்கு நல்ல பெயராக வந்தது. அவருக்கு எதுவாகவும் போகவில்லை. மிஷனரிக் கடிதங்களை 'பிறர் துக்கத்தில் வாழும் எழுத்து' என்று எழுதிக் கிழித்தவன் நான். முந்நூறு பிரதிக்காரனின் அகங்காரம், ஹாலேயின் அச்சு யந்திரத்தைவிட எந்த விதத்தில் மேல்?

அனுமதி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று சொல்லலாம். தீராது. பசியில் இருப்பவர் எதற்கும் சரி என்பார். ஏழு வயதுக் குழந்தையிடம் எதைக் கேட்பது? எனக்கு வேறொன்று தோன்றுகிறது. எழுதப்படுகிறவர் ஒருநாள் இதைப் படிப்பார், வந்து எதிரில் நிற்பார், நான் அங்கே இருப்பேன்: இந்த மூன்றையும் ஏற்றுக்கொண்டு எழுதுவது. உண்மையைக் குறைத்து எழுதும்படி இது கேட்கவில்லை. முதலாளியும் வந்து நிற்கட்டும், அவனுக்கும் பதில் சொல்லலாம். கேட்பது, பதில் சொல்லக்கூடிய தூரத்தில் இருப்பதை. கார்மைக்கேலை நான் கடைசியில் மன்னிக்கிறேன் என்றால் — மன்னிக்க நான் யார் என்பது வேறு — அவர் புத்தகத்துக்காக அல்ல. ஐம்பத்தைந்து வருஷம் திரும்பிப் போகாமல் இருந்ததற்காக. 1931இல் விழுந்து, கடைசி இருபது வருஷத்தை அநேகமாகப் படுக்கையில் கழித்தபோதும் அங்கேயே கிடந்ததற்காக. அவர் எழுதிய குழந்தைகள் வளர்ந்து, ஆங்கிலமும் படித்து, அவரைச் சுற்றியே நடமாடினார்கள். தன் கல்லறைமேல் கல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் 'அம்மாய்' என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். எழுதப்பட்டவர்கள் எழுதியவருக்குக் கொடுத்த பதில் அது. தனகோடிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதையும் மறக்க முடியாது.

இந்தக் கட்டுரையிலும் அந்த நெசவாளி வருகிறார். அவர் இப்போது இல்லை. போன வாரம் அந்த வீட்டுக்குப் போய், அவரைப் பற்றிய பகுதியை அவர் மகளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தாளை வாங்கி, இரண்டு வரிகளை அடித்தார். அந்த வரிகள் இருந்திருந்தால் என் வாதம் இன்னும் பலமாக இருந்திருக்கும். அவை இங்கே இல்லை.