தகப்பன் கையும் நர்ஸ் கையும்

வேலைக்காலம் முழுக்க இன்ஷூரன்ஸ் விற்றுப் பிழைத்தவன் நான். "எல்லாம் மேலே இருக்கிறவன் பார்த்துக்குவான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர்கள் ஏராளம். பாதிப் பேர் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் அவனைக் கூப்பிட்டார்கள் என்பது என் அனுபவம். அதே வார்த்தையை விலை கொடுத்துக் காப்பாற்றுகிறவர்களைப் பற்றி, ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். நெதர்லாந்தில் ஸ்வோலெ நகரத்துக்கு வடக்கே உள்ள ஸ்டாப்ஹார்ஸ்ட் கிராமத்துக் கால்வினியக் கிறிஸ்தவர்கள் அவர்கள்.

சதுப்பை வடித்து உண்டாக்கிய ஊர் அது. ஒற்றைச் சாலையை ஒட்டி நீண்டுகொண்டே போகும். தகப்பன் நிலத்தைப் பிள்ளைகள் நீளவாக்கில் பங்கு போட்டுப் போட்டு, வயல்கள் நாடாவாக ஒடுங்கிவிட்டன. சாலையோரம் இடம் போதாமல் ஒரு பண்ணைவீட்டுக்குப் பின்னால் இன்னொன்று முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலைத் தவிர வேறு வேலை கிடையாது.

அவர்கள் கற்கும் ஹைடெல்பெர்க் வினாவிடை நூல் 1563இல் வந்தது. மழை, வறட்சி, நோய், நலம் எதுவும் தற்செயல் அல்ல, எல்லாம் தகப்பனாகிய கடவுளின் கையிலிருந்தே வருகின்றன என்பது அதன் போதனை. அதை அப்படியே நம்புகிறவனுக்கு இன்ஷூரன்ஸ் என்பது அந்தக் கையைத் தட்டிவிடுவது. டச்சு அரசு இவர்களை மல்லுக்கட்டி மாற்றப் பார்க்கவில்லை. 1957இல் நடைமுறைக்கு வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டத்திலேயே மனசாட்சி விலக்கு உண்டு. சந்தா வேண்டாம் என்பவர் அதே தொகையை வரியாகக் கட்ட வேண்டும். 2006 முதல் மருத்துவக் காப்பீடு மறுப்பவர்களுக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு. வைத்தியச் செலவு அதிலிருந்து போகும். சேமிப்பு சரி, ஆபத்தைப் பங்கு போடுவது கூடாது. இந்தக் கோட்டை என் பழைய மேனேஜர்கூட இத்தனை சுத்தமாகப் போட்டதில்லை!

நோய் வந்தபின் வைத்தியரிடம் போகலாம், நலமான உடம்பில் தடுப்பூசி கூடாது என்பதும் இதே கணக்குதான். எனக்கு இங்கேதான் இடறுகிறது. சதுப்பில் வாழ்கிறவன் மழை வருமுன்பே வாய்க்காலைத் தூர் வாருகிறானே?

1971இல் போலியோ வந்தது. நாடு முழுக்க 1957 முதல் தடுப்பூசி போட்டுவந்தார்கள். ஸ்டாப்ஹார்ஸ்டில் பல குடும்பங்கள் மறுத்திருந்தன. 39 பேருக்கு நோய் கண்டது, 5 பேர் இறந்தார்கள். களஞ்சியம் எரிந்தால் நஷ்டம் அதை இன்ஷூர் செய்யாதவனுக்கு. கால் விளங்காமல் போனது, யாரும் அபிப்பிராயம் கேட்காத பிள்ளைக்கு. இந்த இடத்தில் அவர்கள் மீது எனக்கிருந்த மரியாதை தயங்கி நிற்கிறது.

1978இல் நோய் மறுபடி வந்தது. இம்முறை வெவ்வேறு ஊர்களில் 110 பேர். கனடாவில் இருந்த இவர்களுடைய உறவுச் சபைகள் வரை போன கிருமி, சுற்றியிருந்த மற்ற டச்சுக்காரர்களிடம் அனேகமாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படியானால் இடைப்பட்ட அமைதியான ஆண்டுகளில் மறுத்தவர்களையும் சேர்த்துக் காத்தது எது? ஊசி போட்டுக்கொண்ட பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கிருமியின் வழியை அடைத்திருந்தார்கள். இவர்களுக்கான பிரீமியத்தையும் அவர்களே கட்டினார்கள் என்பேன். அதுவும் தகப்பன் கைதான் என்று ஒரு கால்வினியர் பதில் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன். ஆனால் நர்ஸின் கையை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்குக் காரணம் கேட்பேன். கடவுள் தந்த வழி என்று நன்றி சொல்லிப் பிள்ளைக்கு ஊசி போடுகிறவர்கள் அந்தச் சபைகளுக்குள்ளேயே உண்டு. அவர்கள் படிப்பதும் அதே வினாவிடைதான்.